ஒரு படி தவிடு

சாதிச் சான்றிதழ் வாங்கப் போய்த்தான் நான் அப்பாவின் பிறப்பைத் தேட ஆரம்பித்தேன். வம்சாவளி, பூர்வீகம் என்ற பெரிய வார்த்தைகள் எதுவும் அப்போது என் மண்டையில் இல்லை. சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறியிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் அரசாங்க வேலைக்குப் போவது அதுதான் முதல் தடவை. சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே செத்துப்போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். அந்த வேலை கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு கரும்புத் தோட்டக்காரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருஷங்கள் அவை. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்பு ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் அப்பா. சாலை மறியல் வரப்போகிறது, ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி ஓடக்கூடாது, ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட வேண்டும் என்று எங்கள் வீட்டு வாசலில்தான் முடிவானது. தினமும் சாயங்காலம் கோடாலி தீட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் எனக்குப் படிப்பே ஓடாது. ஆனால் பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தாலுகா ஆபீஸ் எழுத்தர் என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அப்பாவோட டிசி எங்கம்மா?"

"அவரு பள்ளிக்கூடம் போனதில்லீங்க. ஊரு வாத்தியார்கிட்ட எழுதப் படிக்கக் கத்துக்கினதோட சரி."

"பொறப்புப் பதிவு?"

"அந்த வருஷத்துப் புத்தகத்தக் கரையான் அரிச்சிடுச்சாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டவனும் சர்டிபிகேட் வாங்கறான்னு பெட்டிஷன் மேல பெட்டிஷனா வந்துக்கினு கீது. மேல கேள்வி கேக்கறாங்க. எங்க பொறந்தாரு உங்கப்பா?"

"மிஷன் ஆஸ்பத்திரியிலங்க."

"அப்பறம் இன்னா? அங்க போயி நகல் வாங்கிக்கினு வா. அந்தக் காலத்துல சாதி, ஊரு எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. அத எவனும் மறுக்க முடியாது."

அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா தீட்டுக்கல்லில் கோடாலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "அதெல்லாம் இன்னாத்துக்கு? நான் தாசில்தாரப் பாத்துப் பேசறேன்" என்றார். மறியல் பேச்சில் அவர் அதை மறந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். தவிர, நான் அவர் பெண். பிடித்த பிடியை விடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அப்பா பிறந்த கதை ஊருக்கே தெரியும். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தீட்டுக் கழிவதற்குள் செத்துப்போயின. நாலாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று தாத்தா தன் பெண்சாதியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அது பெரிய விஷயம். வெள்ளைக்காரத் துரைசானி நடத்திய அந்த ஆஸ்பத்திரியில் ஊர்த்தெருப் பொம்பளைக்கும் சேரிப் பொம்பளைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். செத்தாலும் அங்கே போகமாட்டோம் என்றிருந்தவர்கள், மூன்று பிள்ளைகள் செத்த பிறகு போனார்கள்.

பிள்ளை பிறந்ததும் தவிட்டுக்கு விற்று வாங்கினார்களாம். தொடர்ந்து பிள்ளை செத்துக்கொண்டிருக்கும் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். பிறந்த குழந்தையை வேறு ஒருத்தி கையில் கொடுத்து, ஒரு படி தவிடு அளந்து போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்வது. எமன் வந்து பார்த்தால், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று ஏமாந்து போய்விடுவான். அப்பாவின் பெயரிலேயே தவிடு இருக்கிறது. அவரைத் 'தவிட்டுக்கு வந்தவரே' என்று மாமன் மச்சான்கள் கேலி பேசுவார்கள், அவரும் சிரிப்பார். நான் அடம்பிடித்தால் அவரே என்னிடம், "உன்னயும் தவிட்டுக்குத்தான் வாங்கனேன்" என்பார். எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்கிற பேச்சுதான்.

கள்ளக்குறிச்சியில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிடம் பாதி இடிந்து, மீதி உரமூட்டை போடும் கிடங்காக இருந்தது. பிரசவ வார்டு இருந்த இடத்தில் யூரியா அடுக்கியிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறியது. சுவரில் கட்டில் எண்கள் இன்னும் அழியாமல் இருந்தன. கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பழைய பதிவேடுகளைப் பற்றிக் கேட்டேன். ஆஸ்பத்திரியை மூடியபோது எல்லாவற்றையும் மலைமேல் இருக்கும் ஒரு வேதக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கரியாலூர்ப் பக்கம், அங்கே உபதேசியார் இருப்பார் என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மறியலு வரப்போவுதுன்றாங்க. போறதுன்னா வெரசாப் போய்ட்டு வந்துடு" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கல்வராயன் மலை ஏறினேன். அப்பாவிடம் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். பஸ்ஸில் ஆளே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒவ்வொரு புளியமரத்தின் அடியிலும் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. வெட்டப்போகிற மரங்கள். எங்கள் ஆட்கள் போட்ட வட்டம்தான். எண்ணிக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். டிரைவர் தனக்குத்தானே, "நாளைக்கு இந்த ரோட்டுல நெழலே இருக்காது" என்று சொல்லிக்கொண்டார்.

மலைமேல் குளிர். சாமை வயல்களுக்கு நடுவில், ஓடு வேய்ந்த சின்னக் கோயில். உபதேசியாருக்கு அறுபது வயதிருக்கும், கீழ்நாட்டுக்காரர், மலைக்கு வந்து பல வருஷம் ஆனவர். வெறும் வயிறாக வந்திருப்பாய் என்று சொல்லி முதலில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். பிறகு பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தார். அந்துருண்டை வாசனை.

"யாராவது வந்து கேப்பாங்கன்னுதான் இத்தன வருஷமா வெச்சிருக்கேன். நீதான் முதல் ஆளும்மா" என்றார்.

எனக்கு வருஷம் தெரியும், மாசம் தெரியும். ஆடி மாசத்து அமாவாசைக்கு மறுநாள் என்று தாத்தா சொல்லியிருந்தார். உபதேசியார் விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டு போனார். எங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் விரல் நின்றது. பதிவேடு தமிழில்தான் இருந்தது, நர்சம்மா யாரோ முத்து முத்தாக எழுதியிருந்தாள். உபதேசியார் எழுத்தைப் பார்த்தாரே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. நான் கேட்டவுடனேயே ஒரு வெள்ளைத்தாளில் நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஊர்ப்பெயர் வந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதினார், அடியில் கோயில் முத்திரையை ஊதிக் குத்தினார். எனக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காய்வதற்காக ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு அப்போதுதான் படித்தேன்.

முதல் வரி எங்கள் வீட்டுப் பொம்பளையுடையது. தாத்தாவின் பெயர், ஊர்த்தெரு, சாதி எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு எதிரே: ஆண், இறந்து பிறந்தது.

இரண்டாவது வரி அதே நாள், பக்கத்துக் கட்டில், எங்கள் ஊர்ச் சேரிக்காரி ஒருத்தி. ஆண், உயிருடன். குறிப்பு என்ற இடத்தில் நர்சம்மா எழுதியிருந்தாள்: 'தாய்க்குச் சம்மதமில்லை. கணவன் ஒரு படி தவிடு பெற்றுக்கொண்டு குழந்தையை ஆண்டையிடம் கொடுத்துவிட்டான்.'

நான் மூன்று தரம் படித்தேன். உபதேசியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பயப்படாதம்மா. இது உங்க ஜனங்க வழக்கம்தானே? இந்தப் பெட்டியிலயே இப்பிடி எத்தனையோ இருக்கு. பிள்ளைய அடுத்தவ கையில குடுத்துத் தவிட்டுக்கு வாங்கிக்குவாங்க. துரைசானிக்கு அது புரியாது. நெசமாவே வித்துட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு எழுதச் சொல்லுவாங்களாம்."

எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஒரு நிமிஷம் நம்பினேன்கூட. "இறந்து பிறந்ததுன்னு போட்டிருக்கே ஐயா" என்றேன். செத்த பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்க முடியாது. அவர் மறுபடியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

தாத்தா எவ்வளவு கெட்டிக்காரர் என்று அப்போதுதான் புரிந்தது. சேரிப் பிள்ளையை அவர் ஒளித்துக் கொண்டுவரவில்லை. ஊரறிய, சேரிக்காரி கையிலிருந்து தவிட்டுக்கு வாங்கினேன் என்றே சொன்னார். பெயரிலும் வைத்தார். நாளைக்கு யாராவது வந்து உண்மையைச் சொன்னாலும், அதுதான் எங்களுக்குத் தெரியுமே என்று ஊர் சிரிக்கும். எங்கள் ஊர் ஐம்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, நானும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறேன்.

போகட்டும் என்று அங்கேயே விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி இல்லை. "அந்தம்மாவுக்கு வேற பிள்ளைங்க இருந்துச்சான்னு பாக்க முடியுமா?" என்று கேட்டேன். உபதேசியார் யோசித்துவிட்டு ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். எங்கள் சேரியில் சிலர் அந்தக் காலத்தில் வேதத்தில் சேர்ந்திருந்தார்கள், அங்கே ஒரு கீற்றுக் கொட்டகைக் கோயில் எனக்குத் தெரிந்தே இருந்தது. நாலு வருஷம் தள்ளி அவள் பெயர் மறுபடியும் வந்தது. ஒரு மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தாள். அந்த மகனின் பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

அவர் எங்கள் கரும்பு வெட்டு மேஸ்திரி. பதினைந்து வருஷமாக எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து நிற்பவர். வேலிக்கு வெளியே நின்று, "ஆண்டே" என்று ஒரு குரல் கொடுப்பார். அவருக்கென்று முருங்கை மரத்துக் கிளையில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்திருக்கும். அதில் உயரத்திலிருந்து காபி ஊற்றுவது சின்ன வயதிலிருந்து என் வேலை. அப்பாவின் கூடப் பிறந்த தம்பிக்கு அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, வேலை போய்விடுமே என்ற பயம். அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நகலைக் கிழித்துவிடுங்கள் என்று உபதேசியாரிடம் கேட்டேன். "முத்திரை வச்சதை நான் கிழிக்கமாட்டேம்மா. உன்கிட்ட குடுத்தாச்சு. நீ இன்னா செய்வியோ செய்" என்றார். வாசல் வரைக்கும் வந்து எனக்காக ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடவில்லை.

மத்தியானப் பஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. மறியல் ஒருநாள் முன்னதாகவே தொடங்கியிருந்தது. ரோடு முழுக்கப் புளியமரம். கிளையும் இலையும் புளியம்பிஞ்சும் தாரில் நசுங்கிக் கிடந்தன. கூடு கலைந்த காக்கைகள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கத்திக்கொண்டே சுற்றின. இறங்கி நடந்தேன். ஒரு வளைவில் கோடாலியோடு பத்துப் பதினைந்து பேர் மறித்தார்கள். தெரியாத முகங்கள்.

"நில்லு. எந்த ஊரு? இன்னா ஆளு நீ?"

ஊரைச் சொன்னேன். "பையத் தொற" என்றான் ஒருவன். பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. அவன் கை பைக்குள் போனபோது அப்பாவின் பெயரைச் சொன்னேன். கை நெருப்பைத் தொட்ட மாதிரி வெளியே வந்தது.

"அண்ணன் பொண்ணாம்மா நீ? முன்னாடியே சொல்றதில்ல? டேய், வழி வுடுங்கடா! நம்ம ரத்தம்டா!"

இரண்டு பேர் கிளையைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் குனிந்து அதற்கடியில் நடந்து போனேன்.

வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பேச்சைக் கேட்ட கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்தது. காலையில் சேரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. வண்டி போக வழியில்லை. மேஸ்திரி தன் வெட்டு ஆட்களோடு போய், ரோட்டில் கிடந்த மரத்தில் வண்டி நுழைகிற அளவுக்கு வெட்டி ஒதுக்கி, அவளை அனுப்பிவிட்டார். அந்த இடைவெளி வழியாகவே போலீஸ் ஜீப்பும் வந்து எங்கள் ஆட்களை அடித்துக் கொண்டுபோய்விட்டது.

"நம்ம மரத்த வெட்ட அவனுங்க யாரு?" என்று ஒருவன் கத்தினான். முந்தின நாள் வரை அது யார் மரமும் இல்லை, அரசாங்க மரம். "வேணும்னே வழி காட்டினானுங்க. வுட்டா நம்ம தல மேல ஏறுவானுங்க. நாளைக்குக் காலையில அந்தப் பக்கம் ஒரு கூரை நிக்கக்கூடாது. நீ இன்னாண்ணே சொல்ற?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டேன். தாளைக் கொடுத்தேன். இதைப் படித்தால் நாளைக்கு அவர் போகமாட்டார், அவர் போகாவிட்டால் ஊரும் போகாது என்று நினைத்தேன். அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். வெகுநேரம் ஆயிற்று. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"என் கல்யாணத்துக்கு மொத நாளு உங்க தாத்தா சொன்னாரு. தெரிஞ்சி நடந்துக்கோன்னாரு. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்ப உனக்கு."

"மேஸ்திரிக்கு?"

"தெரியாது. பெத்தவ சொல்லாமலே செத்துப்போய்ட்டா. தெரியவும் கூடாது."

"அப்ப நாளைக்கு எப்பிடிப்பா போவ? உன் தம்பிப்பா அவரு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். "நான் போவலன்னா ஏன் போவலன்னு ஒருத்தன் கேப்பான். ஒருத்தன் கேட்டா நாலு பேரு யோசிப்பானுங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒருத்தனும் யோசிக்காம பாத்துக்கினு வரேன். நான் ஏன் எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கறேன்னு நெனச்ச?" தாளை மடித்து என் கையில் வைத்தார். "இந்தா. நீயே வச்சிக்கோ. இதக் கொண்டுபோயி நீ எந்த சர்டிபிகேட்டு வாங்குவ, சொல்லு."

அப்பா மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. சேரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஓடிப்போங்கள் என்று. ஊர்த்தெருப் பெண் சேரிக்குள் போனால் யாராவது பார்ப்பார்கள், ஏன் போனாள் என்று கேட்பார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தேன். தாளை அதே அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தேன். கரும்புச் சோகை எரிப்பது போலத்தான் இருந்தது, புகையின் நிறம் மட்டும் வேறு. அப்பா முன்னால் போனார் என்றார்கள். முதல் கூரையில் தீ வைத்தது அவரா என்று நான் இன்றுவரை யாரையும் கேட்டதில்லை. சேரி ஜனங்கள் அணைக்கரை மேலேறி மலைப்பக்கம் ஓடியிருந்தார்கள். மேஸ்திரியும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஓடியவர்தான். பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார். மகனின் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுகள் இருந்த தகரப்பெட்டியை எடுக்க எரிகிற வீட்டுக்குள் போனாராம். கூரை விழுந்துவிட்டது. போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள்.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மத்தியானம் என்னிடம் வந்து, சுவரைப் பார்த்தபடி, "போய்ப் பாத்துட்டு வா. நம்ம வூட்டுல வேல செய்றவன், நீ போனா தப்பா நெனைக்கமாட்டாங்க. நான் போவ முடியாது" என்றார். சைக்கிளில் குறுக்கு வழியாக, வாய்க்கால் கரையிலும் கரும்புக்கு நடுவிலும் தள்ளியும் மிதித்தும் போனேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவரை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். முகம் அவ்வளவாகக் கெடவில்லை. கூட யாருமே இல்லை. பெண்டாட்டியும் பிள்ளைகளும் மலையில் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர், தூங்கி இரண்டு நாள் ஆன முகம். என்னைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனா பிழைக்க வாய்ப்பு இருக்கு. போலீஸ் காவலோட ஒரு வண்டி இப்பக் கிளம்புது. இத விட்டா மறியல் முடியற வரைக்கும் வேற வண்டி கெடையாது. சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கூடப் போகணும்."

ஆஸ்பத்திரி எழுத்தர் பெரிய பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேனாவோடு நிமிர்ந்தார். "பேஷண்டுக்கு நீங்க இன்னா வேணும்?"

எதிர்ப் பெஞ்சில் எங்கள் தெரு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போலீஸ் அடியில் உடைந்த கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் எதற்கு இங்கே என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது, அல்லது இருந்ததாக எனக்குத் தோன்றியது. நல்ல மனசுள்ள வேறு யாராவது என்றால் ஒரு பொய்யைச் சொல்லியாவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எனக்குப் பொய்யே தேவைப்படவில்லை. அண்ணன் மகள் என்றால் போதும்.

"எங்க நெலத்துல வேல செய்ற ஆளு" என்றேன்.

எழுத்தர் என்னை நம்பவில்லையோ என்னவோ, கட்டிலைப் பார்த்தார். மேஸ்திரி கண்ணைத் திறந்தார். வாய் உலர்ந்திருந்தது. "ஆமாங்க சார். அவங்க ஆண்ட வூட்டுப் பாப்பாங்க" என்றார். எனக்காகச் சாட்சி சொன்னார்.

உறவினர் என்ற இடத்தில் எழுத்தர் ஒரு கோடு இழுத்தார். பேனா மை காய்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு அவர் பேரனோ பேத்தியோ தங்கள் வம்சத்தைத் தேடிக்கொண்டு அங்கே போனால் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்கள். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவர் மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனார். மறியல் முடிந்த வாரமே, அப்பா தாசில்தாரைப் பார்த்துப் பேச, என் சான்றிதழ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நகலை யாரும் கேட்கவே இல்லை. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கினேன், இப்போது பென்ஷனும் வாங்குகிறேன்.

மேஸ்திரியின் பெண்டாட்டி மலையிலிருந்து இறங்கி வந்தது, அவரைப் புதைத்து எட்டு நாள் கழித்து. நேராக எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தார். அப்பா உள்ளேயே இருந்துவிட்டார், நான்தான் வெளியே போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

"நீங்க வந்து பாத்தீங்கன்னு சொன்னாங்க பாப்பா. சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தருமில்லாம அனாதையாக் கெடந்த மனுஷன, நீங்க ஒருத்தராச்சும் வந்து பாத்தீங்களே. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

அவர் எனக்குச் சித்தி முறை. அம்மாவின் இடத்தில் வைத்துக் கும்பிட வேண்டியவர்.

"பரவால்ல, எழுந்திரு" என்றேன்.